இருபத்து நான்கு மணி நேரம் நின்றது

காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. மேஜைக்கு அடியில் வயர் கிடக்கிறது. கால் பட்டு அசைந்தால் இருபத்து மூன்று மணி நேரம் வீண். அப்படித்தான். கையை மடியில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், யார் வந்தாலும் இதைத்தான் சொல்கிறேன். நேற்று கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடமும் சொன்னேன். அவர் வாசலோடு நின்றுவிட்டார்.

நீங்கள் ராஜுவின் அண்ணன் என்று சொல்லவே வேண்டாம். அதே காது. கரண்ட் அளக்கிற ஒரு மல்டிமீட்டரை வாங்கிப்போக மார்த்தாண்டத்திலிருந்து கோயமுத்தூர் வரை ஒருவர் வருவாரா என்று நான் கேட்க மாட்டேன். அவனே வராமல் உங்களை அனுப்பியிருக்கிறான், அதற்கும் ஒரு காரணம் இருக்கும். மீட்டர் அந்த டிராயரில் பத்திரமாக இருக்கிறது. தருகிறேன். ஆனால் இந்த மெஷின் முடியட்டும். நேற்று சாயங்காலம் நாலு நாற்பதுக்கு ஆரம்பித்தேன், இன்று நாலு நாற்பதுக்கு முடியும். இப்போது நாலாகப் போகிறது. உங்களுக்கு ராத்திரிதானே ரயில்? உட்காருங்கள். அவன் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். என் கதையையும் கேளுங்கள்.

நாங்கள் செய்கிற வேலை என்ன என்று அவன் வீட்டில் சொல்லியிருக்கிறானா? கம்ப்யூட்டர் கடை என்று மட்டும் சொல்லியிருப்பான். கம்ப்யூட்டர் கடை காந்திபுரத்தில் தெருவுக்கு நாலு இருக்கிறது. எங்களுடையது வேறு. இதோ, இந்த விசிறிக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. பிராசஸர். கணக்கெல்லாம் போடுவது அதுதான். கம்பெனிக்காரன் அதை ஒரு வேகம் எழுதி விற்கிறான். அவன் எழுதுவது பயந்தவன் எழுதுகிற வேகம். அதற்கு மேலும் ஒவ்வொரு சில்லுக்கும் கொஞ்சம் தெம்பு உண்டு. ஒரே அட்டைப்பெட்டியில் வந்த இரண்டு சில்லுக்கு ஒரே தெம்பு இருக்காது, அண்ணன் தம்பி மாதிரி. வேகத்தைக் கூட்டி, அதற்குத் தக்கபடி வோல்டேஜைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, எது வரைக்கும் தாங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. ஓவர்கிளாக் என்பார்கள்.

வேகம் கூட்டுவது பெரிய காரியம் இல்லை. யார் வேண்டுமானாலும் கூட்டலாம். அந்த வேகத்தில் அணையாமல் நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சோதனை. விடை நமக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு பெரிய கணக்கைக் கொடுத்து, போடு, போடு, போட்டுக்கொண்டே இரு என்று இருபத்து நான்கு மணி நேரம் விடுவது. திரையில் பச்சைக் கோடு நகர்கிறதே, அதுதான். ஒரே ஒரு தடவை விடை தப்பினால் போதும், கோடு சிவப்பாகிவிடும். சில மெஷின் தப்பு விடைகூடச் சொல்லாது, அப்படியே அணைந்து விழுந்துவிடும். எனக்கு விழுகிற மெஷின்மேல் பயமில்லை. விழுந்தால் தெரிந்துவிடுகிறது. தப்பான விடையைச் சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும் பாருங்கள், அதுதான் ஆபத்து. மனுஷர்களிலும் உண்டு.

உங்கள் தம்பியைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

கரண்ட், பவர் சப்ளை, வயர், சாலிடர், இதெல்லாம் அவன். வேகமும் சோதனையும் நான். பதினாலு வருஷம். ஒருத்தன் வேலையில் ஒருத்தன் கை வைத்ததில்லை. சோதனை முடிந்தால் மெஷினின் முதுகில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவோம். ‘இருபத்து நான்கு மணி நேரம் நின்றது.’ கீழே இரண்டு கையெழுத்து, இடது பக்கம் அவன், வலது பக்கம் நான். இந்த ஊரில் அந்த ஸ்டிக்கருக்கு ஒரு பெயர் உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்கு யூபிஎஸ் வைப்பதில்லை. சுவரிலிருந்து நேரே கரண்ட். வீட்டுக் கரண்டில் நிற்காத மெஷின் என்ன மெஷின்? அது நான் போட்ட விதி. ராஜு ஆரம்பத்தில் முனகினான், அப்புறம் ஒத்துக்கொண்டான்.

மாசியில்தான் அவன் மாறினான். நாளை வைத்துச் சொல்ல முடியும். தை கடைசியில் கீழே இருந்த டீக்கடையை எடுத்துவிட்டு மொபைல் கவர் விற்கிற கடை வைத்தார்கள். ராஜுவுக்கு நாலு மணிக்கு டீ உள்ளே போகாவிட்டால் தலைவலி வந்துவிடும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த டீக்கடைக்கு மெயின் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். சரி என்று நானே ஒரு கெட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு லிட்டர், பெரிய சைஸ். சீக்கிரம் கொதித்துவிடும். அதைப் போட்டால் டியூப் லைட் ஒரு தரம் இமைக்கும், பழைய கட்டடம். அதோ, அந்த பிளைவுட் தடுப்புக்குப் பின்னால். அன்றிலிருந்து நாலு மணி ஆனால் நான் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வருவேன். அவனுக்குச் சர்க்கரை இரண்டரை ஸ்பூன். நான் எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், அவனை நான் எப்படி வைத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பார்ட்னருக்கு டீ போட்டுக் கொடுக்கிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?

அந்த மாசியில் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், பெயர் எதற்கு. எட்டு மெஷின் வேண்டும், எட்டும் ஸ்டிக்கரோடு வேண்டும் என்றார். முதல் மெஷின் இருபத்து இரண்டு மணி நேரம் நின்றது. நான் டீயை எடுத்துக்கொண்டு தடுப்பைத் தாண்டி வருகிறேன், திரை இருட்டு. விழுந்துவிட்டது. சரி, சில்லில் தெம்பு இல்லை என்று வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். மறுநாளும் விழுந்தது. மணியைப் பார்த்தேன், நாலு பதினெட்டு. முந்தைய நாள் நாலு பதினைந்து. அந்தச் சில்லைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்ததைப் போட்டேன். நாலு இருபது. ஒரு மெஷின் விழுந்தால் சில்லின் குறை. மூன்று மெஷின் ஒரே நேரத்தில் விழுந்தால் அது சில்லின் குறை இல்லை, ஆளின் குறை.

இந்த அறையில் ஆள் என்றால் இரண்டு பேர். நாலு மணிக்கு நான் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறேன். மெஷினோடு இருப்பது யார்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் உடனே அவனைச் சந்தேகப்படவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு அவன் சர்ச்சுக்குப் போய்விடுவான், கடைக்கு வரமாட்டான். நான் மட்டும் மெஷினைப் பார்க்க வருவேன். அந்த ஞாயிறு மெஷின் விழவில்லை. அடுத்த ஞாயிறும் விழவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. திங்கள் நாலேகால், கீழே. இதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்?

எனக்கு வேண்டியிருந்தது. சும்மா ஒரு ஆள்மேல் பழி போடக்கூடாது இல்லையா. சுகந்தியிடமிருந்து, என் வீட்டுக்காரிதான், நெயில் பாலிஷ் வாங்கிவந்து ஒவ்வொரு ஸ்குரூவின் தலையிலும் ஒரு பொட்டு வைத்தேன். யாராவது திருகினால் பொட்டு உடையும். உடையவில்லை. பவர் பிளக்கின் மேல் ஒரு நூல் ஒட்டினேன். நூல் அப்படியே இருந்தது. சுகந்தி சொன்னாள், “ஏனுங்க, எனக்கும் ஒரு பொட்டு வெச்சுட்டுப் போங்க, நான் எங்கயாச்சும் அசைஞ்சேனான்னு சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்.” அவளுக்கு எல்லாமே விளையாட்டு. ஸ்குரூவையும் தொடவில்லை, பிளக்கையும் தொடவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவன் என்னைவிட ஒரு படி மேலே யோசிக்கிறான் என்று அர்த்தம்.

பழைய போன் ஒன்று இருந்தது. அதோ, அலமாரியின் மேல், அட்டைப்பெட்டிக்கு நடுவில். அதைப் பார்க்காதீர்கள், இயல்பாக இருங்கள். அதை வைத்து வீடியோ எடுத்தேன். ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தால், ராஜு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். அவ்வளவுதான். பக்கம் திருப்புகிறான். காதைக் குடைகிறான். மெஷின் விழுகிறது. நிமிர்ந்து பார்க்கிறான், ‘கனகு, போச்சு டே’ என்று சத்தம் கொடுக்கிறான். நான் டம்ளரோடு ஓடி வருகிறேன். ஒன்றுமே இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் எழுபது எண்பது தடவை பார்த்தேன். மெஷின் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் படம் ஒரு கணம் இருண்டு, மறுபடி தெளிகிறது. ஒரு கணம். நாலு நாள் வீடியோவிலும் அதே இடத்தில் அந்த இருட்டு. அந்த ஒரு கணத்தில் என்ன நடந்தது? போனில் அவன் கை வைத்திருக்கிறான். வேறு எப்படி வரும்?

கேட்கலாம், எதற்காக அவன் இதைச் செய்ய வேண்டும் என்று. அதுதான் எனக்கும் புரியாமல் இருந்தது. அப்புறம் ஒரு நாள் அவனே வாயைத் திறந்தான். “கனகு, இந்த லைன் சரியில்ல டே. ஆதி காலத்து வயரு. மெஷினுக்குத் தனியா ஒண்ணு இழுப்போம். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான், ரெண்டு நாள் வேல” என்றான். தெரிந்த ஆள்! இரண்டு நாள் யாரோ ஒருவன் என் சுவரை உடைத்துக்கொண்டு இந்த அறையில் இருப்பான், எட்டு மெஷினும் திறந்து கிடக்கும். நான் எந்தச் சில்லுக்கு எந்த வோல்டேஜ் வைக்கிறேன் என்பது இந்த நோட்டில் இருக்கிறது. பதினாலு வருஷ நோட்டு. வடகோவையில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது, எங்களை மாதிரியே வேகம் கூட்டித் தருகிறார்களாம். எனக்கு எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது. பதினாலு வருஷம் நின்ற வயர் இன்றைக்கு மட்டும் எப்படி ஆதி காலம் ஆனது என்று கேட்டேன். அவன் சாலிடர் வேலைக்குத் திரும்பிவிட்டான். நோட்டை அன்றிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன். அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் பேசவில்லை. குற்றமில்லாதவன் கேட்டிருப்பான், ‘ஏன் டே, நோட்ட எங்க கொண்டு போற’ என்று.

பொள்ளாச்சிக்காரர் போனுக்கு மேல் போன். ஆறு வாரத்தில் எட்டுக்கு இரண்டு மெஷின்தான் ஸ்டிக்கர் வாங்கியது. இரண்டும் ஞாயிற்றுக்கிழமை முடிந்தவை; மற்ற ஞாயிறுகளில் முடிந்தது வேறு ஆட்களின் மெஷின்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. மணி நாலு அடிக்கப் போகிறது. நான் பேங்குக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறி வருகிறேன். உங்கள் தம்பி மேஜைக்கு அடியில் குந்தி உட்கார்ந்திருக்கிறான். பிளக் போர்டைத் திருப்பிப் போட்டு, மீட்டரின் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் அதற்குள் விட்டுக்கொண்டிருக்கிறான். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நூல் அறுந்து தரையில் கிடக்கிறது.

“ஏன் ராஜு, என்ன பண்ணிட்டு இருக்கற?” என்றேன்.

அவன் பதறவே இல்லை அண்ணா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு சொல்கிறான், “வந்துட்டியா? நீ போய் டீய போடு. நான் இங்கயே இருந்து பாக்கேன்.”

எப்படி இருக்கிறது? நீ போய் டீ போடு. கெட்டில் வந்த நாளிலிருந்து அவன் என்னிடம் டீ போடு என்று கேட்டதே இல்லை. நானாகத்தான் போடுவேன். அன்றைக்குக் கேட்கிறான். அந்தப் பத்து நிமிடம் நான் அந்தப் பக்கம் போக வேண்டும், அவனுக்கு அதுதான் வேண்டும்.

“இன்னைக்கு டீ இல்ல” என்றேன்.

“டே, போடு டே. கெட்டில போடு. ஒரு காரியமாட்டுதான் சொல்லுகேன்.”

“உன்ற காரியம் எனக்குத் தெரியும்.”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். நான் ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். கெட்டிலைத் தொடவில்லை. கண்ணை எடுக்கவில்லை. நாலேகால் ஆனது. நாலரை ஆனது. ஐந்து ஆனது. மெஷின் நிற்கிறது, பச்சைக் கோடு ஜம்மென்று போகிறது. நான் நகராமல் உட்கார்ந்தால் விழவில்லை. ஐந்தரைக்கு இருபத்து நான்கு மணி நேரம் முடிந்தது. ஸ்டிக்கரை எடுத்து என் பக்கம் கையெழுத்துப் போட்டேன். அவன் பக்கம் நீட்டவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன். நெயில் பாலிஷைச் சொன்னேன். வீடியோவில் இருண்ட ஒரு கணத்தைச் சொன்னேன். அந்தப் போனைச் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. “வீடியோ எடுத்தியா? என்னையா?” என்றான். மாட்டிக்கொண்டவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கண் கலங்கிவிட்டது.

“ராஜு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எப்படிப் பண்ணுன? அத மட்டும் சொல்லிட்டுப் போ” என்றேன்.

அவன் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தான். “இனி நான் எதச் சொன்னாலும் அதுலயும் நீ ஒரு நூல ஒட்டிப் பாப்ப. மீட்டரு அங்க கெடக்கு. நாளைக்கு நாலு மணிக்கு நீயே பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான். செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு போனான். கீழே போய்த்தான் போட்டிருக்க வேண்டும்.

மீட்டரை நான் பார்ப்பேனா? அவன் என்ன செய்து வைத்திருக்கிறானோ. கம்பிகளைப் பிடுங்கி, டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

இன்றோடு பதினோரு நாள். நீங்களே சொல்லுங்கள், இந்தப் பதினோரு நாளில் எத்தனை தடவை விழுந்திருக்கும்? ஒரு தடவைகூட இல்லை. ஒரு தடவைகூட. அந்தச் செவ்வாய்க்கிழமை முடிந்ததையும் சேர்த்து ஐந்து மெஷின் முடித்துவிட்டேன். இதோ ஓடுவது எட்டாவது, கடைசி. சில்லும் அதே சில்லு, வேகமும் அதே வேகம், சுவரும் அதே சுவர். நாலு மணிக்கு நான் இந்த ஸ்டூலை விட்டு எழுவதில்லை, எழ வேண்டிய வேலையும் இல்லை. தனியாக டீ குடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், ஒரு ஆளுக்காக இரண்டு லிட்டர் கெட்டிலை யார் போடுவது? அவன் டம்ளர் அப்படியே கவிழ்ந்து கிடக்கிறது.

உங்களுக்கு என் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. தெரிகிறது. தம்பி இல்லையா, விட்டுக்கொடுக்க முடியாது. நான் ஒன்று சொல்கிறேன். இப்போது நாலு பத்து. இன்னும் அரை மணி. ராஜு சிங்காநல்லூரில் அவன் வீட்டில் இருக்கிறான். இங்கே இல்லை. நீங்களே சாட்சி. இந்த அரை மணிக்குள், அவன் இல்லாத இடத்தில், இந்த மெஷின் விழுந்தால், நான் பழி சொன்னது தப்பு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உங்களைப் பின்னால் உட்காரவைத்து நேரே சிங்காநல்லூர். அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு முன்னால், நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கடையை அவனே நடத்தட்டும், நான் அவனிடம் வேலை பார்க்கிறேன். போதுமா?

நானும் அதைத்தான் விரும்புகிறேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். விழு, விழு என்று ஒரு பக்கம் மனது சொல்லும். பொள்ளாச்சிக்காரர் இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் செத்துப்போக மாட்டார். இந்தப் பதினோரு நாளில் ஒட்டிய ஐந்து ஸ்டிக்கரிலும் இடது பக்கம் காலி. கடைக்கு வந்த ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார், இன்னொரு கையெழுத்து எங்கே என்று. ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன்.

ஆனால் விழாது. விழவே விழாது.

என்ன, நெற்றியைத் தேய்க்கிறீர்கள்? தலைவலியா? அட, அவனும் இப்படித்தான் அண்ணா, இதே மாதிரி கட்டைவிரலால். நாலு மணி தாண்டிவிட்டால் அவ்வளவுதான். உங்கள் வீட்டில் எல்லோருக்குமே உண்டோ? ரயிலில் வந்தது வேறு. நான் ஒரு மடையன், இவ்வளவு நேரம் தண்ணீர்கூடக் கேட்காமல் கதை பேசிக்கொண்டிருக்கிறேன்.

இருங்கள், இருங்கள், மறுக்கக் கூடாது. ஐந்து நிமிடம். பால் பவுடர் இருக்கிறதா பார்க்கிறேன். நான் அந்தப் பக்கம் போகிறபோது நீங்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர வேண்டாம், மெஷின் பக்கம் கை போக வேண்டாம். அலமாரியில் போன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சொல்லிவிட்டேன். அவன் டம்ளரையே கழுவி உங்களுக்குத் தருகிறேன், பரவாயில்லையே?

தண்ணீர் ஊற்றிவிட்டேன். அண்ணா, ஒரு உதவி. கெட்டிலுக்கு வயர் அந்த பிளக் போர்டிலிருந்துதான் வருகிறது. உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில், மெஷின் பிளக்குக்கு அடுத்த ஸ்விட்ச். எப்போதும் போட்டே இருக்கும், அவன் போன நாளிலிருந்து அணைத்து வைத்திருக்கிறேன். ஆமாம், அதேதான். அதை மட்டும் தட்டிவிடுங்கள். சர்க்கரை உங்களுக்கும் இரண்டரையா?